காணிக்கைச் சேவல்

தம்பிதுரைக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும். நம்பமாட்டார், அவ்வளவுதான். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே கொண்டுபோவார். கோயிலில் ஆயர் கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணும்போது இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் யார் யார் நிஜமாகவே மூடியிருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குத் தலையில் ஊற்றப்போன தண்ணீரைக் காட்டி, "இது எந்தக் கெணத்துத் தண்ணிங்க?" என்று கேட்டவர்.

அன்னூரிலிருந்து உள்ளே தள்ளி, வாழையும் மஞ்சளும் விளைகிற பூமிக்கு நடுவில் இருக்கிறது அந்தச் சபை. பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே அறுப்பின் பண்டிகை வரும். காட்டில் விளைந்ததில் முதலாவதை, வீட்டில் வளர்த்ததில் நல்லதை, ஆண்டவருக்கென்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். ஏலம் கூவுவது தம்பிதுரை. அவருக்கு மைக் வேண்டாம். சேவக்கட்டில் நாலு பக்கமும் ஜனம் கத்த, நடுவில் நின்று கத்திப் பழகிய தொண்டை அது.

சேவலின் காலில் கத்தி கட்டி மோத விடுவதுதான் சேவக்கட்டு. கத்தி கட்டுவதில் தம்பிதுரையை மிஞ்சின ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. அதை அவர் விட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். சேவக்கட்டிலிருந்து தூக்கி வந்த சேவல் ஒன்று, கத்தியை அவிழ்ப்பதற்கு முன்னால் வாசலில் கை நழுவிப் பாய்ந்து, அவர் மனைவி சென்னியம்மாளின் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்துவிட்டது. அவள் ரத்தத்தில் உட்கார்ந்திருக்க, தம்பிதுரை முதலில் சேவலைத்தான் தூக்கிப் பார்த்தார், அதற்கு ஏதும் ஆகிவிட்டதா என்று. காயம் ஆறிவிட்டது. அவர் பார்த்த அந்தப் பார்வை அவளுக்கு ஆறவில்லை. கையில் கட்டோடு கிணத்துக்கடவில் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே பக்கத்துத் தெரு சபைக்குப் போகப் பழகினாள். இவர் போய்க் கூப்பிட்டபோது, "ஒன்னு நானு, இல்ல சேவலு. மறுக்கா சேவலத் தொட்டீங்கன்னா, நான் திரும்பி வர்ற பஸ்ஸு கெடையாதுங்க" என்றாள். தம்பிதுரை யோசித்தார். பிறகு அவளைத் தன்பக்கம் இழுத்தது அப்படி என்னதான் என்று வேவு பார்க்க அவரும் தன் ஊரிலிருந்த சபைக்குப் போனார். போனவர் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து, இனிச் சேவலைத் தொடமாட்டேன் என்று சொன்னார். சென்னியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

சொன்ன சொல்லைக் காக்க அவர் தன் கெட்டிக்காரத்தனத்தைத்தான் நம்பினார். வீட்டில் ஒரு கோழிகூட இல்லை. சேவக்கட்டு நடக்கிற தென்னந்தோப்புப் பக்கம் போவதில்லை. பொங்கல் வந்தால் காதில் பஞ்சு. பழைய கூட்டாளி எவன் வந்து பேசினாலும், இவன் எதற்காக வந்திருக்கிறான் என்பதுதான் முதல் யோசனை.

ஆயர் எலியாசர் நெல்லைப் பக்கத்து ஆள், சின்ன வயசு. "ஐயா, உங்க பலத்துல ரொம்ப நாளைக்கு நிக்க முடியாது பாத்துக்கிடுங்க. கர்த்தர்கிட்ட பலம் கேளுங்க" என்று ஒருதரம் சொன்னார்.

"எதுக்குங்க அவரத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? அவருக்கு ஆயிரம் வேல" என்றார் தம்பிதுரை. தெற்கத்தி ஆள், பேச்சில் வலை போடுகிறார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷத்துப் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் மஞ்சள் கொத்தும் ஏலம் போய்க்கொண்டிருந்தன.

"ஏனுங்ண்ணா, இந்தப் பூசணி உள்ள நல்லா இருக்குமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நானென்ன உள்ள பூந்தா பாத்தேன்? வெச்சவங்களக் கேளு, அம்மணி."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து கோழி வரிசை. கால் கட்டின நாட்டுக்கோழிகளுக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடின ஒரு கூடை. தம்பிதுரை சாக்கைத் தூக்கினார்.

செங்கீரி நிறத்தில் ஒரு சேவல். கத்தவில்லை, படபடக்கவில்லை. கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. கொண்டை சின்ன வயதிலேயே அறுக்கப்பட்டிருந்தது. கால் விறகுக்கட்டை மாதிரி. குழம்புக்கு வளர்த்த கோழி இல்லை இது. இதை ஒருத்தன் கட்டுக்கென்றே வளர்த்திருக்கிறான்.

"யாரு வெச்சது இத?"

யாருக்கும் தெரியவில்லை. "காலைல வந்தப்பவே இருந்துச்சுங்க" என்றார்கள்.

தம்பிதுரை சாக்கைக் கீழே போட்டார். நிமிர்ந்து பார்த்தார். வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார் அழகிரிசாமி, சேவக்கட்டு நடக்கிற தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரர். ஒருநாளும் இந்தக் காம்பவுண்டுக்குள் கால் வைக்காத மனுஷர்.

"என்னுங்க, ஆண்டவரப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார் தம்பிதுரை.

"அவரையும் பாக்கலாம்னு, கோளியையும் பாக்கலாம்னு" என்றார் அழகிரிசாமி.

கடைசி வரிசையில் நின்றான் ராசப்பன். தம்பிதுரை கத்தி கட்ட, சேவலைப் பிடித்துக் களத்தில் விடுகிறவனாக இருந்தவன். போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தான். எதற்காக எடுத்தான் என்பது தம்பிதுரைக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பிதுரை மனதில் கணக்கு ஓடிற்று. இவன் சேவலைக் கொண்டுவந்து வைக்கிறான், அவர் அதை ஏலம் எடுக்க வருகிறார். நடுவில் அதைக் கையில் தூக்கிக் காட்டவேண்டியவன் நான். ஓஹோ. பொங்கலுக்குக் கத்தி கட்ட ஆள் இல்லாமல் எனக்குத் தூண்டில் போடுகிறார்கள்.

தூக்கினார். தூக்கியதுமே அவர் கட்டைவிரல் அவரைக் கேட்காமல் சேவலின் நெஞ்செலும்பைத் தேடிப் போயிற்று. உள்ளங்கை அதன் எடையைப் பார்த்தது. சேவலின் இருதயம் விரலில் இடித்தது.

அழகிரிசாமி ஒரு விலை சொன்னார். பின்னாலிருந்து ராசப்பன் அதற்கு மேலே கேட்டான். அழகிரிசாமி மறுபடி ஏற்றினார். ராசப்பன் வாய் மூடிக்கொண்டான். மூன்றாம் தரம் சொல்லவேண்டிய தம்பிதுரை, இரண்டாம் தரத்தோடு நிறுத்தி, தானே விலையை ஏற்றிச் சொல்லி, தானே மூன்று தரமும் கூவி முடித்துவிட்டார்.

"ஏப்பா, கூவுறவனே எடுத்துக்கறதா? எந்த ஊர் நாயம்?" என்றார் அழகிரிசாமி.

"ஆண்டவர் ஊட்டு நாயம். கொழம்பு வெக்கப்போறேனுங்க."

ஜனம் சிரித்தது. சென்னியம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

வழி நெடுக தம்பிதுரைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அவர்கள் போட்ட தூண்டிலை அவர்களிடமிருந்தே பிடுங்கிவிட்டோம். அறுத்துத் தின்று ஏப்பம் விட்டால் தீர்ந்தது. இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்கு வரும்?

"அருவா எடுக்கட்டுங்களா?" என்றாள் சென்னியம்மாள் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"ஓய்வுநாள்ல அறுக்கறதா? நாளைக்கு ஆகட்டும்."

மறுநாள் கேட்டாள். "எலும்புந்தோலுமா இருக்குது. சித்தெ தேறட்டும்" என்றார். அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததை அவர் கவனித்தார். ஏதோ மனதில் வைத்திருக்கிறாள் என்று அவள்மேலும் சந்தேகம் வந்தது.

தேறட்டும் என்று சொன்னால் தீனி போடவேண்டும். கம்பை ஊறவைத்துப் போட்டார். சேவலை அடைத்து வைத்தால் கறி ரப்பராகிவிடும் என்று சொல்லிக் கொல்லையில் நடக்கவிட்டார். பிறகு, பேன் இருக்கிறது என்று சொல்லி, தொட்டித் தண்ணீரில் இறக்கினார். சேவல் காலை உதைத்து நீந்திற்று. கட்டுச் சேவலுக்கு நெஞ்சு வலுக்க நீச்சல் விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பேனுக்காகத்தான் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டார். யாரிடமும் ஏமாறாத மனுஷர் தன்னிடமே இப்படி ஏமாந்துகொண்டிருந்தார்.

ஜெபத்தை மட்டும் விடவில்லை. பொழுதோடு பாயை விரித்து முழங்கால் போட்டு உட்காருவார். "ஆண்டவரே, அந்த ராசப்பன் மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. அழகிரிசாமி எதோ திட்டம் போடறாப்ல, அதையும் பாத்துக்குங்க. ஆயரு கொஞ்சம் நீட்டமாப் பேசறாரு. ஆமென்." தன்னைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பரமண்டல ஜெபத்தில் 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்கிற இடம் வரும்போது மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துத் தாண்டிவிடுவார்.

இதற்கிடையில் ராசப்பன் தினமும் சாயங்காலம் வேலிக்கு வெளியே வந்து நின்றான். பேசமாட்டான். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பான், போய்விடுவான். உளவு பார்க்கிறான், சேவல் தயாராகிவிட்டதா என்று அழகிரிசாமிக்குச் சேதி கொண்டுபோகிறான் என்று தம்பிதுரை முடிவு கட்டினார்.

பொங்கல் நெருங்கின ஒரு சாயங்காலம், நனைந்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொட்டியிலிருந்து நிமிர்ந்தவர், வேலியில் அவன் தலையைப் பார்த்துவிட்டார்.

"டேய் ராசப்பா! வாடா இங்க. ஒளிஞ்சு பாக்காத, உள்ள வந்தே பாரு!"

ராசப்பன் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீதானடா இத கோயல்ல கொண்டாந்து வெச்சது?"

"ஆமாங்ண்ணா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று தம்பிதுரை எதிர்பார்க்கவில்லை. அதிலும் ஏதோ சூது இருக்குமென்று பட்டது.

"அழகிரிசாமி எவ்வளவு குடுக்கறேன்னான்?"

"அவருங்களா? அவரு கேட்டாருங்ண்ணா. நாந் தரல. கோயலுக்குக் குடுத்துபோட்டேன்னு சொன்னனுங். அதுக்கோசரந்தான் ஏலத்துக்கு வந்துட்டாரு." ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இது என்ற சேவலுங்ண்ணா. ஞானஸ்நானம் எடுக்கறப்பவே இருந்துச்சு. ஆயர்கிட்டச் சொல்லல. ஊட்டுக்குப் பின்னால மறச்சு வளத்தேன். அறுக்கலாம்னு அருவா எடுப்பேன், கை வராது. விக்கலாம்னா, விக்கற பக்கம் கட்டுத்தான். ஆண்டவருக்கே வெச்சுபோட்டா யாராச்சும் பொம்பளையாளு கொழம்புக்கு எடுத்துக்கும், நமக்குத் தொல்லை உட்டுதுன்னு நெனச்சேனுங்."

"அப்புறம் நீயே எதுக்குடா வெல கேட்ட?"

"அவரு கையிக்குப் போயிருமேன்னு பயம். எங்கிட்ட அதுக்கு மேல இல்லீங். அப்பத்தா நீங்க எடுத்தீங்க. ஆண்டவரே, தம்பிதுரையண்ணன் எடுத்துட்டாரு, அவரு கெட்டி ஆளு, அறுத்துபோடுவாருன்னு அன்னிக்குப் போயி நிம்மதியாத் தூங்கினனுங்ண்ணா."

"தூங்கினவன் தினமும் எதுக்குடா வேலியப் புடிச்சுட்டு நிக்கற?"

ராசப்பன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வேல முடிஞ்சு வாரப்ப காலு இந்தப் பக்கம் திரும்புதுங். ஆண்டவரே, என்ற காலப் புடிச்சுக்கன்னு கேட்டுட்டே வாரேன். சில நாளு நேரா ஊட்டுக்குப் போயிர்றேன். சில நாளு இங்க வந்து நின்னர்றேன். மறுக்கா கேக்கறேன். வேற என்ன பண்றதுங்?"

சொல்லிவிட்டு அவன் கண் மெதுவாகக் கீழே இறங்கிற்று. தம்பிதுரையின் கக்கத்தில் சேவல் சொட்டிக்கொண்டிருந்தது. இறகு பளபளவென்று படிந்திருந்தது. தொட்டித் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீச்ச உட்டீங்களாண்ணா?" என்றான் ராசப்பன். கேலி இல்லை. பயந்துபோன குரல்.

"பேனு..." என்று ஆரம்பித்தார் தம்பிதுரை. அந்தப் பொய் ஊர்க்காரனிடம் எடுபட்டிருக்கும், ஆயரிடம் எடுபட்டிருக்கும். சேவலைப் பிடித்துப் பழகின கைக்காரனிடம் எடுபடாது.

சமையல் கட்டு வாசலில் சென்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ. அவள் தலைக்குப் பின்னால், உள்சுவர் ஆணியில், அந்த நீலப் பை தொங்கிற்று. கிணத்துக்கடவுக்கு எடுத்துப் போன பை. பரணில் கிடந்தது எப்போது ஆணிக்கு வந்தது?

"அது எப்ப எறக்கின?" என்றார்.

"ஏலத்தன்னிக்கே எறக்கிட்டனுங்க."

"துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டயா?"

"இன்னும் வெக்கல. தெனமும் காத்தால அதப் பாப்பேன், அப்புறம் கொல்லைல உங்களப் பாப்பேன். ஆண்டவரே, நாம் பேசுனா கேக்கமாட்டாரு, நீங்களே பேசுங்கன்னு சொல்லிப்போட்டு அடுப்புப் பத்த வெப்பேன்." முந்தானை விலகின கையை நீட்டினாள். தழும்பு முழங்கையிலிருந்து வெளுத்து ஓடிற்று. "குடுங்க இங்க."

தம்பிதுரை கொடுக்கத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். கை விடவில்லை. விரல் ஒவ்வொன்றும் சேவலின் நெஞ்சைச் சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டு, அப்புறம் அறுத்துவிடலாம் என்று உள்ளே ஒரு குரல். ராசப்பன் சொன்னதெல்லாம் நாடகம், இவளும் அவனும் சேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு குரல். அந்த இரண்டாவது குரலைத்தான் வருஷக்கணக்காகத் தன் காவல்காரன் என்று நம்பியிருந்தார். அது இப்போது முதல் குரலுக்குத்தான் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.

"குடுங்கண்ணா" என்றான் ராசப்பன்.

"குடுக்கறேன்டா, கை வரமாட்டேங்குது!" என்று கத்தினார். கத்தின பிறகு குரல் இறங்கிவிட்டது. இரண்டு கண்ணையும் மூடினார். கோயிலில்கூட ஒருநாளும் இரண்டையும் சேர்த்து மூடினதில்லை. "ஆண்டவரே, என்னால முடியல. நானும் கெட்டி கெட்டின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். கெட்டியில்ல. இந்தக் கைய நீங்களே பிரிச்சு எடுங்க."

சென்னியம்மாள் பிடுங்கினாளா, தானாக விட்டாரா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டார். அவள் பிடுங்கவில்லை என்கிறாள். விட்டதாக அவருக்கும் ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது கை ஈரமாக, காலியாக இருந்தது.

"காலப் புடி, ராசப்பா" என்றாள் சென்னியம்மாள். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தான். தம்பிதுரை தொட்டிச் சுவரில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். சேவலுக்காக அழுதாரா, அன்றைக்கு வாசலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்காக அழுதாரா என்று சென்னியம்மாள் கேட்கவில்லை.

குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் அவருக்குப் புத்தி பழையபடி ஓட ஆரம்பித்தது. ஆயர் வீட்டுக்கு ஒரு தூக்குப்போசியில் குழம்பு போயிற்று. ராசப்பனுக்கு இலை போட்டாள். அவன் இலையில் ஈரல் விழுந்ததைத் தம்பிதுரை பார்த்துவிட்டார்.

"ஈரல அவனுக்கெதுக்கு வெச்ச?"

"சேவல் அவருதுங்க."

"காணிக்கை வெச்சதுக்கப்புறம் என்னடி அவருது?" என்றார். ஆனாலும் விட்டுவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவப் போகையில் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆணியில் பை இல்லை. பரணுக்குப் போயிற்றா, வேறு எங்காவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். பரணில்தான் இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் தோப்புப் பக்கமிருந்து சத்தம் வந்தது. கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்து, மொத்தமாகக் கத்துகிற சத்தம். பஞ்சைத் தேடினார். இந்தத் தடவை பஞ்சு போதாது என்று தெரிந்தது. திடீரென்று ராசப்பன் ஞாபகம் வந்தது. போயிருப்பான். கட்டாயம் போயிருப்பான். ஈரலைத் தின்றுவிட்டுப் போயிருப்பான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கீங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"அவன் ஊட்டுக்கு. அவன் இருக்கானா இல்லையான்னு பாத்துட்டு வாரேன்."

"இருந்தா?"

"இருந்தா அங்கயே உக்காந்துக்கறேன்."

வாய்க்கால் மேட்டில் எதிரே ராசப்பன் வேகவேகமாக வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் நின்றார்கள்.

"எங்கடா போற?"

"நீங்க எங்கீங்க போறீங்க?"

"நீ போயிட்டயான்னு பாக்க."

"நானும் அதுக்குத்தானுங்."

தம்பிதுரை அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். அவன் நின்ற இடத்திலிருந்து தோப்புக்கும் ஒரு தடம் பிரிகிறது. இவர் வீட்டுக்குத்தான் வந்தானா, அந்தத் தடத்துக்கு வந்தானா? நம்புவதற்கு ஒன்றும் இல்லை. தான் எந்தத் தடத்துக்கு வந்தோம் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது.

மறுபடி தோப்பிலிருந்து கூட்டம் கத்திற்று. ராசப்பனின் தலை அந்தப் பக்கம் திரும்பிற்று. தம்பிதுரையின் தலையும் திரும்பிற்று.

"உக்கார்றா" என்று சொல்லி மேட்டில் சரிந்து உட்கார்ந்து, அவன் வேட்டியையும் பிடித்து இழுத்தார். "ஜெபம் பண்ணு. சத்தமாப் பண்ணு. அந்தச் சத்தம் காதுல உளுகக் கூடாது."

"எனக்குச் சத்தமாப் பண்ண வராதுங்ண்ணா. தொண்டை கெடையாது."

"சரி உடு. நாம் பண்றேன்."

ஒரு கையால் அவன் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பிதுரை கண்ணை மூடினார். ஏலம் கூவுகிற தொண்டையைத் திறந்தார்.

"ஆண்டவரே! இங்க ரெண்டு பேரு உக்காந்துட்டிருக்கறோம். ரெண்டு பேருக்கும் எந்திரிச்சு ஓடலாம்னு இருக்குது. எங்களப் புடிச்சுக்குங்க!"

வாய்க்காலுக்கு அந்தப்புறம் மேய்ந்துகொண்டிருந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை.